போலந்து தங்க டுகாட்: விளிம்பையும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போலந்து மன்னர் மூன்றாம் சிகிஸ்மண்ட் வாசா காலத்து டுகாட் என்னும் பழைய ஐரோப்பியத் தங்கக் காசு விற்பனைக்கு வந்திருப்பது பற்றிய செய்தியில் ஆண்டு, எடை, விலை எல்லாம் இருந்தன. விளிம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வாங்குபவர் பெரும்பாலும் ஏமாறுவது அங்கேதான்.

அந்த மன்னரின் காசுகளில் புகழ்பெற்றது, 1621-இல் போலந்தின் பிட்கோஷ்ச் நகர நாணயச்சாலையில் சாமுவேல் அம்மான் செதுக்கிய அச்சில் அடித்த 100 டுகாட் மதிப்புள்ள காசு. சுமார் 69 மி.மீ. அகலம், 350 கிராமுக்குச் சற்றே குறைந்த எடை. சந்தையில் புழங்கிய பணமல்ல, மன்னர் பரிசாகக் கொடுத்தது. அதே அச்சில் தடிமனைக் குறைத்து எடை குறைந்த காசுகளும் அடித்தார்கள். படத்தை வைத்து மதிப்பைச் சொல்லிவிட முடியாது, தராசு வேண்டும்.

ஆனால் சேகரிப்பாளர் கைக்கு அதிகம் வருவது சுமார் 3.5 கிராம் எடையுள்ள ஒற்றை டுகாட். இவற்றில் பலவற்றை ஒரு காலத்தில் வளையம் பற்றவைத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். வளையத்தை எடுத்து அராவினாலும் தடம் போகாது. மன்னர் தலைக்கு மேலே உள்ள விளிம்பைச் சாய்ந்த வெளிச்சத்தில், பத்து மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள். பற்றாசின் நிறம் தங்கத்தோடு ஒட்டாது. அதையடுத்த எழுத்துகள் மழுங்கியிருக்கும். இப்படிப்பட்ட காசின் விலை பாதிக்கும் கீழே போகலாம்.

மின்முலாம் முறையில் இரண்டு ஓடுகளாகச் செய்து ஒட்டிய நகலில் விளிம்பைச் சுற்றி மெல்லிய இணைப்புக்கோடு ஓடும். வார்ப்பு நகல் அசலைவிடச் சற்றுச் சிறுத்திருக்கும், எழுத்தோரங்களில் ஊசிமுனைத் துளைகள் தெரியும்.

தங்கம்தானா என்று அடர்த்தியை வைத்துப் பார்க்கத் தண்ணீரில் தொங்கவிட்டு எடைபோடுவோர் தராசைக் கவனிக்க வேண்டும். காசின் எடையை, நீரில் குறையும் எடையால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். ஒற்றை டுகாட் நீரில் இழப்பது ஏறக்குறைய 0.184 கிராம். இரண்டு தசம இடம் மட்டும் காட்டும் தராசு 0.18 என்றால் அடர்த்தி 19.4 வரும், சுத்தத் தங்கத்தையே மிஞ்சிவிடும். 0.19 என்றால் 18.4 ஆகிவிடும். காசு ஒன்றுதான், தீர்ப்பு மட்டும் இரண்டு! மூன்று தசம இடம் காட்டும் தராசு கட்டாயம். போலியின் உள்ளே வைக்கக்கூடிய டங்ஸ்டன் உலோகத்தின் அடர்த்தியும் தங்கத்தை ஒட்டி 19.25 என்பதால் பெரிய காசுகளில் இந்தச் சோதனை மட்டும் போதாது. எக்ஸ்ரே கருவியோ மேற்பரப்பை மட்டுமே படிக்கும்.

இனி இத்தகைய செய்தி வரும்போது விளிம்பின் படத்தையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நாணயச் சேகரிப்பாளர் ஒருவர்