கரண்ட் போனால் சோலாரும் நிற்பது ஏன்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மன்னார்குடியில் கடை போட்டதிலிருந்து உங்களுக்கு மடல் எழுதும் தேவை வந்ததில்லை. எதுவானாலும் நேரில் பேசிக்கொள்வோம். ஆனால் இரண்டு வாரமாக வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ சுற்றுகிறது. "அவ்வளவு பணம் போட்டு சோலார் வைத்தேன். மழைக்குக் கரண்ட் போனதும் சோலாரும் போய்விட்டது. மட்டமான இன்வெர்ட்டரை மாட்டி ஏமாற்றிவிட்டார்கள்" என்று நம் வாடிக்கையாளர் ஒருவரே பேசியிருக்கிறார். அவர் மீது கோபமில்லை. 'மட்டமான' என்ற அந்தச் சொல்தான் தைக்கிறது.

அந்த இன்வெர்ட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. நிற்க வேண்டிய நேரத்தில் நின்றிருக்கிறது.

நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது ஆன்கிரிட் முறை. பேட்டரி கிடையாது. பேனலில் வருவது டிசி, அதாவது பேட்டரியில் வருவது போன்ற மின்சாரம். அதை இன்வெர்ட்டர் ஏசியாக, அதாவது வீட்டு லைனில் ஓடும் வகையாக மாற்றி, ஈபி லைனின் 230 வோல்ட்டோடும் 50 ஹெர்ட்ஸோடும் தாளம் தப்பாமல் சேர்க்கிறது. வீட்டுக்குப் போக மிஞ்சியது மீட்டர் வழியே வெளியே போகிறது. லைன் செத்துவிட்டால் சேர்வதற்குத் தாளம் இல்லை. இன்வெர்ட்டர் உடனே தன்னை அணைத்துக்கொள்ளும்.

அணையாவிட்டால் என்ன ஆகும்? உங்கள் வீட்டு மின்சாரம் தெரு டிரான்ஸ்பார்மருக்குள் தலைகீழாகப் புகும். 11,000 வோல்ட்டை நமக்காகக் குறைத்துத் தரும் அதே பெட்டி, இப்போது குறைந்ததை 11,000 பக்கம் ஏற்றிவிடும். லைன் செத்துவிட்டது என்று நம்பி ஒருவர் கம்பத்தில் ஏறியிருப்பார். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்த பிறகு, வெளி மாவட்டங்களிலிருந்து வந்த லைன்மேன்கள் சேற்று வயலில் இறங்கி நமக்குக் கம்பம் நட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி ஒருவர் கம்பியைத் தொடும்போது நம் மாடியிலிருந்து கரண்ட் போகக் கூடாது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. எந்தக் கடையில் ஆன்கிரிட் வாங்கினாலும் இப்படித்தான்.

கொட்டேஷனில் 'ஆன்கிரிட்' என்று எழுதித்தான் கொடுத்தோம். ஆனால் கரண்ட் போனால் இதுவும் நிற்கும் என்று திண்ணையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சில வீடுகளில் சொல்லாமல் விட்டிருக்கிறோம். அது எங்கள் தவறு, மன்னியுங்கள்.

பேட்டரி இல்லாததால் ராத்திரி உங்கள் ஃபேன் ஓடுவதும் ஈபி மின்சாரத்தில்தான். அதில் நிலக்கரி நிறைய உண்டு. கரி எரிக்காமல் வருவதும் உண்டு: மேட்டூரில் நம் காவிரித் தண்ணீர் டர்பைனைச் சுற்றிவிட்டுத்தான் வயலுக்கு வருகிறது, ஆடிக் காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் சுற்றுகின்றன, கூடங்குளத்தில் அணு பிளக்கும் சூட்டில் நீராவி உண்டாகிச் சுற்றுகிறது. எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று சுற்றியாக வேண்டும். பேனலில் சுற்றுவது எதுவுமில்லை. வெளிச்சம் பட்டதும் சிலிக்கானுக்குள் எலக்ட்ரான் நகர்கிறது, அதுவே மின்சாரம். இத்தனை வருடம் மாட்டிய பிறகும் எனக்கு அது அதிசயம்தான்.

வெளிச்சம்தான் வேண்டும், சூடு வேண்டாம். சித்திரை வெயிலில் பேனல் கொதிக்கும்போது உற்பத்தி கொஞ்சம் இறங்கும். ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்குச் சராசரி 4 யூனிட் என்று கணக்கு வையுங்கள். ஐப்பசி கார்த்திகை மூட்டத்தில் அது கிடைக்காது.

தை பிறந்தால் அறுவடை மிஷின் இறங்கிவிடும். போன வருடம் நீடாமங்கலம் பக்கம் ஒரு மாடியில் பார்த்தேன்: பதரும் தூசியும் பனியில் ஊறி, பேனலின் கீழ் விளிம்பில் அடை மாதிரி ஒட்டியிருந்தது. மறைந்தது நாலு விரல் அகலம்தான், ஆனால் உற்பத்தி நன்றாகவே விழுந்திருந்தது. செல்கள் வரிசையாகக் கோத்தவை. வாய்க்காலில் ஓரிடம் கோரை அடைத்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாதது போலத்தான். வெயில் ஏறுமுன் நல்ல தண்ணீர் விட்டு மெல்லிய துணியால் துடையுங்கள். சோப்புத்தூள் வேண்டாம். வேதாரண்யம் பக்கம் இருப்பவர்கள் உப்பான போர்வெல் தண்ணீரைத் தவிர்க்கவும், வெள்ளையாகப் படிந்துவிடும்.

எங்கள் சர்வீஸ் தம்பி சிங்கப்பூர் போய்விட்டதால், வருடம் இரண்டு முறை செய்த இலவசக் கழுவல் தை முதல் ஒரு முறைதான். கூடுதலாகக் கூப்பிட்டால் 600 ரூபாய்.

கரண்ட் இல்லாத நேரத்திலும் இரண்டு ஃபேன், நாலு லைட் ஓட வேண்டும் என்பவர்களுக்கு ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வைக்கலாம். அதுவும் தெரு லைனைத் துண்டித்துவிட்டு வீட்டுக்கு மட்டுமே கொடுக்கும். செலவு கூடும். மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்குக் கிடைக்கும் 78,000 ரூபாய் மானியம் பேனல் அளவை வைத்துத்தான், பேட்டரிக்குத் தனியாக இல்லை.

ஆடியோ வந்த அன்றே போன் செய்து, "தம்பி, எங்கள் வீட்டில் நன்றாகத்தான் ஓடுகிறது, நீங்கள் கவலைப்படாதீர்கள்" என்ற பெரியவர்களுக்கும் அம்மாக்களுக்கும் என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்கு நீங்கள் சொன்ன நல்ல வார்த்தையில்தான் இந்தக் கடை நிற்கிறது.

ஆடியோவில் பேசிய ஐயா வீட்டுக்கு இந்த வாரம் நானே வருகிறேன். மற்றவர்களுக்குச் சந்தேகம் இருந்தால் ஞாயிறு காலை கடையில் இருப்பேன். வரும்போது கடைசி ஈபி பில்லையும் இன்வெர்ட்டர் திரையின் போட்டோ ஒன்றையும் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சோலார் கடைக்காரர்,
மன்னார்குடி