பி-யா, டி-யா?

அன்புள்ள மகளுக்கு,

நலமா? வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது எந்த வங்கி என்று காட்டும் ஸ்விஃப்ட் கோடை, உன் புது பேங்க்குக்கு உரியதை, நேற்று போனில் நீ கடகடவென்று சொன்னாய், நானும் எழுதிக்கொண்டேன். போனை வைத்த பிறகுதான் மனசு உறுத்தியது. மூன்றாவது எழுத்து பி-யா, டி-யா? அதனால் இன்னும் பணம் அனுப்பவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

நீ காலேஜில் சேர்ந்த வருஷம், ஃபீஸ் பணம் தாமதமானதற்கு பேங்க்கைக் காரணம் சொன்னேன். உண்மையில் தவறு என்னுடையது. அன்றும் இப்படித்தான் காதில் விழுந்ததை எழுதினேன். ஒரு எழுத்து மாறியதில் அது இன்னொரு வங்கியின் கோடாகிவிட்டது. பணம் அங்கே போய், அப்படி ஒரு கணக்கே இல்லையென்று பதினாறு நாள் கழித்துத் திரும்பியது, கட்டணம் வேறு பிடித்துக்கொண்டு. அந்தப் பதினாறு நாளும் எப்படிச் சமாளித்தாய் என்று நான் கேட்கவே இல்லையம்மா.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். முதல் நான்கு எழுத்து வங்கி, அடுத்த இரண்டு நாடு, அடுத்த இரண்டு இடம். மேற்கொண்டு மூன்று வந்தால் கிளை. எட்டோடு நின்றால் தலைமை அலுவலகம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஃப்ராங்ஃபர்ட்டில் இருக்கும் டாய்ச்ச பேங்க்கின் கோடைப் பார்: டி-இ-யு-டி வங்கியைக் குறிக்கிறது, டி-இ ஜெர்மனி, எஃப்-எஃப் ஃப்ராங்ஃபர்ட். இப்படிப் பிரித்துப் படித்தால் நாடு மாறியிருந்தால் உடனே தெரிந்துவிடும். வங்கியின் நான்கு எழுத்தில்தான் ஆபத்து.

ஐபேன் என்கிற சர்வதேசக் கணக்கு எண்ணில் நாட்டின் இரண்டு எழுத்துக்கு அடுத்த இரண்டு இலக்கம் சரிபார்ப்பதற்கென்றே வைத்தது. ஒரு எழுத்தைத் தப்பாக அடித்தால் அந்தச் சரிபார்ப்பு இடிக்கும், அங்கேயே நின்றுவிடும். ஸ்விஃப்ட் கோடில் அந்தக் காவல் கிடையாது. தப்பான கோடும் உண்மையான கோடாக இருந்துவிட்டால் போதும், பணம் கிளம்பிவிடும்.

கட்டணத்தை இந்தத் தடவை 'ஓ-யு-ஆர்' என்றே போடச் சொல்கிறேன், முழுதும் நானே கட்டுகிறேன். 'எஸ்-ஹெச்-ஏ', அதாவது கட்டணத்தை இருவரும் பகிர்வது என்றால் நடுவில் இருக்கும் வங்கிகள் எடுத்ததுபோக மீதிதான் உனக்கு வரும், வாடகையில் குறையும். அனுப்பியதும் யு-இ-டி-ஆர் என்கிற, அந்த அனுப்புதலுக்கென்றே உள்ள அடையாள எண்ணையும் கேட்டு வாங்கிவிடுவேன். பணம் எங்கே நிற்கிறது என்று அதை வைத்துத் தேடச் சொல்லலாம்.

சரி, நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். கோடும் கணக்கு எண்ணும் அச்சாகியிருக்கும் ஸ்டேட்மென்ட் பக்கத்தை அப்படியே அனுப்பு. வாயால் சொல்ல வேண்டாம். உன் பெயரும் கணக்கில் இருக்கிறபடியே எனக்கு வேண்டும்.

வாடகைக்குக் கடைசி நாள் எது? அதுவரை கையில் செலவுக்கு இருக்கிறதா? மறைக்காமல் எழுது.

அன்புடன்,
அப்பா