பாலைவனத்துக்குப் போகும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது அரிசோனா, நியூ மெக்சிகோ பக்கம் பத்து நாள் போகிறேன் என்று சொன்னாய். யார் யாரெல்லாம் என்று அம்மா கேட்டாள், "நான்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த நொடியே அங்கே மழை உண்டா என்று கேட்டாய். மழை உண்டு. வைகையில் தண்ணீர் ஓடுகிறது, அக்கா மகனுக்கு முன்பல் விழுந்துவிட்டது, அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. மற்றபடி எல்லாம் அப்படியே இருக்கிறது. நான் எழுத வந்தது சாப்பாட்டைப் பற்றி.

2018 அக்டோபரில் நாம் நாலு பேரும் அதே வழியில் போய்வந்தோம், அதனால் எனக்கும் கொஞ்சம் தெரியும். அங்கே நம் ஊர் மாதிரி நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்திச் சாப்பிட முடியாது. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகிற வழியில் எத்தனை டீக்கடை, எத்தனை இட்லிக்கடை. பேஜ் ஊரைத் தாண்டினால் கயென்டா வரைக்கும் கிட்டத்தட்ட நூறு மைல், ரெண்டு பக்கமும் செம்மண்ணும் பாறையும்தான். அதனால் மறுநாள் மதியம் எங்கே, ராத்திரி எங்கே என்று முந்தின நாளே முடிவு செய்துகொள். கூகுளில் திறந்திருக்கிறது என்று காட்டினாலும் போன் போட்டுக் கேள். ஞாயிற்றுக்கிழமையில் யூட்டா பக்கம் சின்ன ஊர்களில் இருக்க நேர்ந்தால் சனிக்கிழமையே ரொட்டியும் பழமும் வாங்கி வைத்துக்கொள், அங்கே அன்றைக்குப் பாதிக் கடைகள் சாத்தியிருக்கும்.

அப்புறம் அந்த ஒரு மணி நேரக் கணக்கை மறந்துவிடாதே. அரிசோனாவில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, ஆனால் நவஹோ மக்களின் நிலத்துக்குள் கோடைக்கு ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்கள். அதற்கு நடுவில் இருக்கிற ஹோப்பி நிலத்தில் மாற்றுவதில்லை. அக்டோபரிலும் அது தொடரும், பேஜில் ஏழு என்றால் கயென்டாவில் எட்டு. முப்பத்துநாலு வருஷம் நேரம் பார்த்தே வேலை செய்தவன் நான், அன்றைக்கு எனக்கே அது புரியவில்லை. ஆறு மணிக்கு நிதானமாகக் கிளம்பி, போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒன்பது ஆகப்போகிறது, ஹோட்டலில் அடுப்பை அணைத்துவிட்டார்கள். பெட்ரோல் பங்க்கில் வாங்கிய சிப்ஸைத்தான் நாலு பேரும் தின்றோம். வழியெல்லாம் "இப்போதே கிளம்பலாம் மாமா, அங்கே ஒரு மணி நேரம் கூடுதல்" என்று மருமகள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான்தான் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றேன்.

உன் வயிறு எனக்குத் தெரியும், பசியைத் தாங்காது. இங்கே பிளஸ் டூ படிக்கும்போதே ஒரு வேளை தவறினால் சுருண்டு படுத்துவிடுவாய். முந்தின நாளே முடிவு செய். முடிந்தவரை தனியாக உட்கார்ந்து சாப்பிடாதே.

நம் வீட்டில் கவிச்சி கிடையாது என்பதால் அங்கே சில விஷயங்களைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பீன்ஸ் மசியல் பார்ப்பதற்குச் சைவம் மாதிரி இருக்கும், பன்றிக் கொழுப்பில் தாளித்திருப்பார்கள். மெக்சிகோக்காரர்கள் அதை மான்டேகா என்பார்கள், அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள். சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைத்திருக்கலாம். பச்சை மிளகாய்க் குழம்பில் பெரும்பாலும் பன்றிக்கறி இருக்கும், இல்லாமலும் சில கடைகளில் செய்கிறார்கள். பூசணி மாதிரி ஒரு காய், சோளம், பச்சை மிளகாய் மூன்றையும் வதக்கிக் கலபசீட்டாஸ் என்று தருவார்கள், அது நமக்கு ஒத்துக்கொள்ளும். சோபாபீயா என்று உப்பிய பூரி மாதிரி ஒன்று வரும், அதன் மூலையைக் கிள்ளி உள்ளே தேன் விட்டுச் சாப்பிட வேண்டும். அம்மா இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறாள். ஐ-40 சாலையில் பஞ்சாபி லாரி டிரைவர்களுக்காகச் சில ட்ரக் ஸ்டாப்களில் ரொட்டியும் பருப்பும் கிடைக்கும், அதையும் பார்த்து வைத்துக்கொள்.

ஆனால் கரண்டில் ஓடும் ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு போகாதே. நான் அடம்பிடித்துக் கொண்டுவந்தேனே, ஃபிளாக்ஸ்டாஃப் அறையில் சோறு அரிசி அரிசியாக நின்றது, பருப்பு வேகவே இல்லை. அந்த ஊர் கிட்டத்தட்ட ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அந்தச் சூட்டில் பருப்பு எங்கே வேகும். சான்டா ஃபேயும் அதே உயரம்தான். அதை அன்றைக்கு உங்கள் ரெண்டு பேர் மேல் கோபமாகக் காட்டினேன்.

வின்ஸ்லோவில் கட்டாயம் நிறுத்து. லா பொசாடாவை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். 1930-ல் ரயில்வேக்காக மேரி கோல்டர் என்ற அம்மையார் வரைந்து கட்டிய ஹோட்டல், 1957-ல் மூடி ரயில்வே ஆபீஸாக்கி, இடிக்காமல் தப்பித்து, 1997-ல் மறுபடி திறந்திருக்கிறார்கள். பின்பக்கம் கதவைத் திறந்தால் பிளாட்பாரம். நூறு பெட்டிக்கு மேல் கோத்த கூட்ஸ் வண்டி ஒன்று போனது, நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்று கடைசிப் பெட்டி வரை பார்த்தேன். ஃப்ரெட் ஹார்வி என்ற ஹோட்டல்காரர் 1876-ல் டொபீகா ஸ்டேஷனில் ஆரம்பித்து அந்த லைன் முழுக்கச் சாப்பாட்டுக்கூடம் வைத்தார். எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று வண்டியில் எண்ணி முன்னாலேயே தந்தி அடித்துவிடுவார்கள், வண்டி நிற்கும்போது தட்டில் சோறு ஆவி பறக்கும், அரை மணியில் எல்லாரும் சாப்பிட்டு ஏறிவிடலாம். நான் ரயில்வே வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாங்களும் அடுத்த ஸ்டேஷனுக்குச் சாப்பாட்டு எண்ணிக்கை சொல்லி அனுப்பியிருக்கிறோம். அதனால் அங்கே உட்கார்ந்தபோது எனக்கு மானாமதுரை ஜங்ஷனில் இருப்பது போலவே இருந்தது. என் மகன் எனக்காகத் தேடிப் பிடித்து ரயில்வே ஹோட்டலுக்குக் கூட்டிப்போனான் என்று பென்ஷன் வாங்கப் போகிற இடத்திலெல்லாம் சொன்னேன். ஏழு வருஷமாகச் சொன்னேன். போன மாதம்தான் அம்மா சொன்னாள், அதைத் தேடி எடுத்தது நீ இல்லை, மாமா ரயில்வேயில் இருந்தவர் என்று யோசித்து அந்தப் பிள்ளைதான் எடுத்தாள் என்று. நீயாவது அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா. எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாய் நீ. நாலு நிமிஷத்தில் போனை வைத்துவிடுகிறாய். சித்திரைக்கு அப்புறம் மருமகளை நாங்கள் வீடியோவில் பார்க்கவே இல்லை. வேலை என்கிறாய். சரி, வேலை இருக்கும்.

கேலப் ஊருக்குச் சனிக்கிழமை போகிற மாதிரி வைத்துக்கொள். அங்கே சந்தை கூடும். ஹோட்டல் எதுவும் அதற்கு ஈடாகாது. நவஹோ அம்மாக்கள் நீலச் சோளத்தில் கூழ் காய்ச்சி விற்பார்கள், ஜூனிப்பர் மரத்தின் இலையை எரித்த சாம்பலைக் கொஞ்சம் சேர்ப்பார்கள், நம் கேழ்வரகுக் கூழுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பச்சைச் சோளத்தை அரைத்து அதன் தோகையிலேயே சுற்றிச் சுட்ட ரொட்டியும் உண்டு. எண்ணெயில் பொரித்த ரொட்டியை எல்லா இடத்திலும் விற்பார்கள், என்ன எண்ணெய் என்று கேட்டுக்கொள். அதைப் பார்த்ததும் இதென்ன மைதா பூரி, இதற்கு இவ்வளவு தூரமா என்று நான் கேட்டேன். 1864-ல் பட்டாளம் அந்த மக்களை வீட்டைவிட்டுக் கிளப்பி முந்நூறு மைல் நடக்கவைத்துக் கொண்டுபோய் அடைத்ததையும், விளைந்ததெல்லாம் போன பிறகு சர்க்கார் கொடுத்த மாவையும் கொழுப்பையும் வைத்து உயிர் பிழைக்கச் சுட்ட ரொட்டி இது என்பதையும், 1868-ல் ஒப்பந்தம் போட்டுத்தான் ஊர் திரும்பினார்கள் என்பதையும் மருமகள்தான் எனக்குச் சொன்னாள். நான் காரில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே கேட்டேன். அவள் தனியாக வெளியே நின்று அந்த ரொட்டியைச் சாப்பிட்டாள்.

தெற்கே டூசான் வரை இறங்கினால் டெப்பரி பீன்ஸ் கேட்டு வாங்கு. கொஞ்ச மழையிலேயே காய்க்கிற பயறு, டொஹோனோ ஓதாம் மக்கள் காலங்காலமாக விதைப்பது, நம் தட்டைப்பயறு மாதிரி. 2015-ல் யுனெஸ்கோ அந்த ஊரைச் சாப்பாட்டுக்குப் பேர்போன நகரங்களின் வரிசையில் சேர்த்தது. போகாவிட்டாலும் பரவாயில்லை. எங்கே போனாலும் முந்தின நாளே முடிவு செய்துகொள்.

இனி சான்டா ஃபே. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் என்று நினைக்கிறேன், ரெண்டு நாளாகச் சுற்றிச் சுற்றி வேறு எதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன். அங்கே வீட்டுக்கு வீடு வாசலில் சிவப்பு மிளகாயைச் சரம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், எனக்குப் பரமக்குடிப் பக்கத்து மிளகாய்க் களம்தான் ஞாபகம் வந்தது. மிளகாயே அந்தக் கரையிலிருந்து போர்த்துகீசியர் கப்பலில் நம்மிடம் வந்ததுதான், அதற்கு முன்னால் நமக்கு மிளகுதான். அங்கே சாப்பிட உட்கார்ந்தால் சிவப்பா பச்சையா என்று கேட்பார்கள், அதை அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வக் கேள்வியாகவே வைத்திருக்கிறார்கள். ரெண்டும் வேண்டும் என்றால் "கிறிஸ்துமஸ்" என்று சொல்ல வேண்டும். அதையும் மருமகள்தான் சொல்லிக்கொடுத்தாள். கடைசி ராத்திரி. அவள் ரெண்டு வாரத்துக்கு முன்னாலேயே டல்லாஸிலிருந்து அந்தக் கடைக்குப் பேசி, குழம்பில் இறைச்சி கிடையாது, கொழுப்பு கிடையாது என்று கேட்டு உறுதி செய்து, நாலு பேருக்கு மேஜை சொல்லி வைத்திருந்தாள். போனதும் பரிமாறுகிற பெண்ணிடம் மறுபடியும் கேட்டாள். நீலச் சோள அடையும் சீஸும் சிவப்பு மிளகாய்க் குழம்பும் என் முன்னால் வந்தது. நான் அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டு நானே கேட்டேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை கேட்டேன். அவள் இல்லை இல்லை என்று சொல்லியும் தட்டைத் தள்ளி வைத்தேன். அப்புறம் மருமகளைப் பற்றித் தமிழில் ஒன்று சொன்னேன். "இவங்க வீட்டுல கவிச்சி எல்லாம் புழங்குவாங்க, இவளுக்கு எப்படித் தெரியும்." மெதுவாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தேன். மருமகளுக்குக் கேட்டது. உனக்கும் கேட்டது. அம்மா ஒரு பருக்கை விடாமல் தன் தட்டை வழித்துச் சாப்பிட்டாள், அது எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை. நான் அறைக்கு வந்து ரெண்டு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன்.

நான் அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் அல்புகர்கி வரைக்கும் காரில் யாரும் பேசவில்லை, ரோட்டைப் பற்றி நான் மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தேன். நீயும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ கேட்டிருக்க வேண்டும் தம்பி. அவள் சொந்தக்காரர்களை விட்டு அவ்வளவு தூரத்தில், நம் மூன்று பேருக்கு நடுவில் ஒற்றையாக உட்கார்ந்திருந்தாள். அப்பாவிடம் எப்படிப் பேசுவது என்று நினைத்திருப்பாய். அப்படி நினைக்கும்படி உன்னை வளர்த்தவனும் நான்தான்.

உங்களுக்குள் என்ன என்று நான் கேட்கப்போவதில்லை. உங்கள் இருவரின் விஷயம் அது. நான் சொன்ன ஒரு வார்த்தை அதில் எங்காவது கிடக்கிறதா என்பதுதான் ராத்திரியில் தூக்கம் வராமல் செய்கிறது. அம்மாவிடம் கேட்டால் விளக்கை அணையுங்கள் என்கிறாள்.

நீ பத்திரமாக ஓட்டுவாய், அதில் எனக்குக் கவலையே இல்லை, அந்த மலைரோட்டில் ஒரு தடவைகூட நீ பதறி நான் பார்க்கவில்லை. வண்டியில் தண்ணீர் ரெண்டு கேன் வைத்துக்கொள். இருட்டுவதற்கு முன் ஊருக்குள் போய்விடு. வாழைப்பழமும் தயிரும் எங்கே கிடைத்தாலும் வாங்கி வை, மிளகாய் உன் வயிற்றை ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் பதம் பார்க்கும்.

சான்டா ஃபேயில் அந்தக் கடைக்கே போக வேண்டும் என்று நினைக்கிறேன். பேர் எனக்கு மறந்துவிட்டது, நீ போகிற இடத்தைப் பார்த்துச் சாப்பிடுகிறவன் இல்லை, உனக்கும் ஞாபகம் இருக்காது. அவளுக்கு இருக்கும். இந்தக் கடிதத்தை அவளிடம் கொடு, முழுக்கவும் படிக்கட்டும். மாமா அந்தக் கடையின் பேரைக் கேட்டார் என்று சொல். அவளே எனக்கு எழுதினால் நல்லது. நேரம் இல்லையென்றால் பேரை மட்டும் அனுப்பினாலும் போதும்.

அன்புடன்,
அப்பா