ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு: பத்து முறை வேண்டாம், மூன்று முறை போதும்

தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் ஒன்றாம், இரண்டாம் வகுப்பு ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

காப்பி நோட்டில் ‘படம்’ என்று மேலே எழுதிக் கொடுத்து, பத்து முறை எழுதச் சொல்லிவிட்டுப் பிள்ளையின் கையையே பாருங்கள். ப, ப, ப என்று பத்து வரிக்கும் மேலிருந்து கீழே இறங்கும். பிறகு ட. அப்புறம் ம. கடைசியில் புள்ளிகள் மட்டும் ஒரே மூச்சில். பக்கம் நிறைந்துவிட்டது; ‘படம்’ என்ற சொல்லை அந்தப் பிள்ளை ஒரு முறைகூட எழுதவில்லை. வரி வரியாக எழுதும் பிள்ளைக்கு வேறு சிக்கல். இரண்டு வரி தாண்டியதும் உங்கள் எழுத்தை விட்டுவிட்டு, தான் எழுதியதையே பார்த்து எழுதும். நான்காம் வரியில் சாய்ந்த ட பத்தாம் வரிவரை சாய்ந்தே போகும்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: ஒரு நாளைக்கு ஒரு சொல், மூன்று முறை, வகுப்பிலேயே, உங்கள் கண்முன். பத்து நிமிடம் போதும். ஒவ்வொரு வரிக்கு மேலும் மாதிரி இருக்கட்டும். இடது ஓரத்தில் மட்டும் எழுதிக் கொடுத்தால் இடக்கைப் பிள்ளையின் கை அதை மறைத்துவிடும். பார்க்க வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மாதிரியை மூடிவிட்டு எழுத வேண்டும், திறந்து ஒப்பிட வேண்டும். மூடாவிட்டால் கோடு கோடாகப் பார்த்து வரைவதோடு சரி, சொல் மனதில் தங்காது.

விஜயதசமியன்று அரிசியில் ‘அ’ எழுதுவது அழகான வழக்கம், அது இருக்கட்டும். பென்சில் பழகும் விரலுக்கு ‘அ’ கடினம்; சுழி, வளைவு, குறுக்குக்கோடு, நெடுங்கோடு எல்லாம் அந்த ஒரே எழுத்தில். ட, ப, ம என்று தொடங்குங்கள். மேலிருந்து இறக்கி வலப்பக்கம் இழுத்தால் ட. அங்கிருந்து மேலே ஏற்றினால் ப. கையெடுக்காமல் உள்ளே வளைத்து அடிக்கோட்டைத் தொட்டால் ம. ‘ப’வை மூன்று குச்சிகளாக வரையும் பிள்ளை ‘ம’வில் திணறும்; ஆகவே ‘ப’விலேயே திருத்துங்கள். இந்த மூன்றோடு புள்ளி சேர்ந்தாலே படம், பட்டம், மடம், மட்டம் என்று எழுதவும் படிக்கவும் சொற்கள் கிடைத்துவிடும்.

‘மரம்’ என்பதைப் பிள்ளை ‘மாம்’ என்று எழுதினால் கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். துணைக்காலுக்கும் ‘ர’வுக்கும் வேறுபாடு, கீழே சாய்ந்து இறங்கும் அந்தச் சின்னக் கோடுதான். மரம், மாடம் இரண்டையும் அடுத்தடுத்து எழுதவிட்டு, அந்தக் கோட்டை விரலால் தடவச் சொல்லுங்கள். கொம்பு இன்னும் சிக்கல். ‘பெட்டி’யில் காதுக்கு முதலில் கேட்பது ‘ப்’, கை முதலில் எழுத வேண்டியது கொம்பு. துணைக்காலும், ‘டி’யில் வரும் விசிறியும் கைக்குப் பழகிய பிறகே கொம்புக்குப் போங்கள்.

தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்துத்தானே கற்பிக்கிறீர்கள்? காப்பி நோட்டில் மட்டும் ஏன் எல்லோருக்கும் ஒரே சொல்? அரும்புக்கு ‘படம்’ என்றால் மலருக்கு ‘மரத்தில் பட்டம் மாட்டியது’ என்று முழு வாக்கியம் கொடுக்கலாம்.

இரட்டை வரி நோட்டில் ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதட்டும். இல்லாவிட்டால் ‘மு’வின் கீழ்ச்சுழி அடுத்த வரியின் ‘கி’யில் போய் இடிக்கும். ரப்பர் வேண்டாம். தவறிய சொல்லை அப்படியே விட்டு, பக்கத்தில் மறுபடி எழுதச் சொல்லுங்கள். எந்த எழுத்தில் தடுமாறியது என்று நோட்டிலேயே தெரியும். மறுநாள் அந்த எழுத்து வரும் சொல்லையே மாதிரியாகக் கொடுங்கள்.