மூன்று டிக்கெட்டா, நான்கா?

பொறையார்
பங்குனி 22

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கு எல்லோரும் நலம். அப்பாவின் முட்டிவலி முன்போலத்தான். விசாவுக்கு நீ அனுப்பிய அழைப்புக் கடிதத்தை மூன்று பிரதி எடுத்துக் கோப்பில் வைத்திருக்கிறார். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். உறையில் எந்த முகவரியை எழுதுவது என்று ஒரு சந்தேகம் இருக்கிறது. அதைக் கடைசியில் கேட்கிறேன்.

ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பயணத்துக்கு நீ போட்ட திட்டத்தைப் பார்த்தேன். மியூனிக்கிலிருந்து வேக ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம், இரண்டு இரவு தங்கல். எல்லாம் சரி. ஆனால் ஞாயிறு, திங்கள் என்று போட்டிருக்கிறாய். திங்கட்கிழமை அங்கே அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். இவ்வளவு தூரம் வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவதா? வெள்ளி, சனி என்று மாற்று. சனிக்கிழமை மாப்பிள்ளைக்கும் விடுமுறைதானே? டிக்கெட் மூன்று என்று எழுதியிருந்தாய். அப்பா, நான், நீ, அவர் என்று எண்ணினால் ஒன்று குறைகிறது. அவசரத்தில் விட்டிருப்பாய். அறையையும் சீக்கிரம் பதிவு செய்துவிடு. இசையமைப்பாளர் ஹாண்டல் பிறந்த ஊர் அது. ஜூன் மாதம் அவர் பெயரில் இசைவிழா நடக்கும்போது அறை கிடைப்பது கடினம். எத்தனை பேர் என்று முடிவு செய்தால்தானே பதிவு செய்ய முடியும்?

எல்லோரும் பாரிஸ், சுவிட்சர்லாந்து என்று போகும்போது நீங்கள் ஏன் ஹாலே என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். 31 வருடம் ஒவ்வொரு ஜூலையிலும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தரங்கம்பாடிக் கரைக்கு அழைத்துப் போனவள் நான். 1706 ஜூலை 9 அன்று ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு இறங்கிய இடம் இதுதான், இங்கேதான் திண்ணைப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் 'அ' எழுதிப் பழகினார் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியிருக்கிறது. அவர் படித்த ஊரை ஒருமுறை பார்க்க வேண்டாமா? அவருக்காகத் தமிழ் அச்செழுத்துகளை அங்கேதான் வார்த்தார்கள். அவை பெரிதாக அமைந்துவிட்டன, தாள் கட்டுப்படியாகவில்லை. பிறகு நம் பொறையாரில் சிறிதாக வார்த்து, 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார்கள். பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அது உனக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் நம் ஊர்க்காரர்கள் எழுதிய கடிதங்களையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஹாலேயில் அச்சிட்டிருக்கிறார்கள். நீங்கள் எப்படி வாழ்கிறீர்கள், எதை நம்புகிறீர்கள் என்றெல்லாம் பாதிரிமார் கேட்ட கேள்விகளுக்கு எழுதிய பதில்கள் அவை. கப்பலில் போய்ச் சேர மாதக்கணக்காகும். ஆனாலும் கேட்டதற்குப் பதில் எழுதினார்கள். நான் உனக்கு மூன்று வாரமாக ஒரே கேள்வியைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

மலையப்பன் என்று ஒருவர், 1714இல் சீகன்பால்குவோடு ஐரோப்பாவுக்குக் கப்பலேறியவர். வகுப்பில் அவரைப் பற்றி ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுவேன். இப்போது இரவில் விழிப்பு வந்தால் அவருடைய தாயின் நினைவு வருகிறது. பிள்ளை அங்கே சாப்பிட்டானா, குளிரில் என்ன உடுத்தினான் என்று யாரிடம் கேட்டிருப்பாள்?

முதல் நாள் பிராங்கே என்ற பாதிரியார் நிறுவிய அனாதை இல்லம். 1698இல் தொடங்கிய கட்டடம். உள்முற்றத்தில் இருக்கும் மரச்சட்ட வீடு ஆறு மாடி, நூறு மீட்டருக்கும் மேல் நீளம். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் வந்த விநோதப் பொருள்களை அனாதை இல்லக் கட்டடத்தின் மேல்தளத்தில் வைத்திருக்கிறார்கள். நம் கரையிலிருந்து போனவையும் அவற்றில் உண்டு. லிப்ட் இருக்கிறதா என்று கேட்டு வை. இல்லாவிட்டாலும் மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டால் அப்பா ஏறிவிடுவார். சந்தைச் சதுக்கத்துத் தேவாலயத்துக்கு நான்கு கோபுரங்கள். முன்பு அங்கே இரண்டு தேவாலயங்கள் இருந்தனவாம். கோபுரங்களை மட்டும் விட்டுவிட்டு, நடுவில் இருந்ததையெல்லாம் இடித்துப் புதிதாக ஒன்றைக் கட்டி இணைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்குப் பழைய கட்டடம் என்றால் பிடிக்குமே. அவரிடம் சொல்லிப் பார்.

இரண்டாம் நாள் நெப்ராத் தட்டு. ஏறக்குறைய 3600 வருடத்துக்கு முந்திய வெண்கலத் தட்டு. 1999இல் திருட்டுத்தனமாகத் தோண்டியவர்கள் எடுத்து விற்க, 2002இல் மீட்டார்கள். பச்சை பூத்த வெண்கலத்தில் பொன்னால் நிலாவும் நட்சத்திரங்களும் பதித்திருக்கும். நடுவே ஒரு கொத்து இருக்கிறது. அது நம் கார்த்திகைதான் என்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன், ஏழு பொட்டு. நினைவிருக்கிறதா? நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது மொட்டைமாடியில் நின்றுகொண்டு "ஏழும்மா, ஏழு" என்று அடம்பிடித்தாய். கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர், பரீட்சையில் ஏழு என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்காது என்று அதட்டினேன். ஆறு என்று சொன்ன பிறகுதான் சோறு போட்டேன். தட்டின் படத்தைப் பார்த்த அன்றே உன்னை அழைத்தேன். நீ எடுக்கவில்லை.

திங்கட்கிழமை வேண்டாம் என்பதை மறந்துவிடாதே. சரியாகச் சாப்பிடு. போன தடவை வீடியோவில் கழுத்தெலும்பு தெரிந்தது.

இதற்கு மேல் ஊரைப் பற்றி எழுத வரவில்லை, பாப்பா.

தை மாதம் நீ வந்துவிட்டுக் கிளம்பும் முந்தின இரவு. அடுப்படியில் எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலைப் பாலிதீன் தாளில் சுற்றிக்கொண்டிருந்தேன். நீ வந்து தரையில் உட்கார்ந்தாய். "அம்மா, நான் திரும்பிப் போகாமல் இருந்தால் என்ன?" என்றாய். எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. "அந்த ரப்பர் பேண்டை எடு" என்றேன். எடுத்துக் கொடுத்தாய். பாட்டிலின் கழுத்தில் மூன்று சுற்றுச் சுற்றினேன். எண்ணெய் கசிகிறதா என்று கவிழ்த்துப் பார்த்தேன். நீ அங்கேயே உட்கார்ந்திருந்தாய். நான்கு மணிக்குக் கார் வந்துவிடும், போய்த் தூங்கு என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தேன்.

அப்பாவிடம்கூட இதைச் சொல்லவில்லை. மறுநாளே கடைத்தெருவில் யாரோ கேட்க, மகளும் மாப்பிள்ளையும் மியூனிக்கில் நிறைவாக இருக்கிறார்கள் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாகவும் இருந்தது. நீ என்ன சொல்ல வந்தாய் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பயம். அதுதான் உண்மை. உன்னைவிட அந்தப் பதில்தான் எனக்குப் பெரிதாக இருந்துவிட்டது.

அழைப்புக் கடிதத்தில் வீட்டு எண் மட்டுமல்ல, தெருவே வேறு. போன முறை இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். இந்த முறை உன்னுடையது மட்டும் இருக்கிறது. அப்பா கவனிக்கவில்லை. நான் அத்தனை வருடம் விடைத்தாள் திருத்தியவள்.

டிக்கெட் மூன்றே போடு. ஒரே அறை போதும். அப்பாவுக்கு ஜன்னலோரக் கட்டில், நான் உன் பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன். நீ பேசினால் கேட்பேன். பேசாவிட்டாலும் பக்கத்தில் இருப்பேன். வெள்ளி, சனி என்று மாற்றிவிடு. அப்பாவிடம் நான் எப்போது சொல்லலாம் என்பதை மட்டும் ஒரு வரி எழுது.

உறையில் புதுத் தெருவின் முகவரியைத்தான் எழுதுகிறேன்.

அன்புடன்
அம்மா