மழைநீர் எந்த வழியாகப் புகுந்தது: பாதாளச் சாக்கடைப் பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் பணிக்குழுவின் வணக்கம்.

பாதாளச் சாக்கடைக்குள் மழைநீர் புகாமல் தடுக்கும் பணி முடிந்துவிட்டது. நல்ல மழை பெய்தாலே கீழ்த்தெரு மேன்ஹோல் பொங்கி, கழிவுநீர் வாசல்வரை வந்து நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெரிய மோட்டார் போட்டால் சரியாகிவிடும் என்றுதான் நம்மில் பலரும் சொன்னோம். அதற்குமுன் அளந்து பார்த்துவிடுவோம் என்று எடுத்த முடிவுதான் இந்தப் பணியையே காப்பாற்றியது.

மழைமானியும், குழாய்க்குள் ஓட்டமானியும் வைத்தோம். மழையில்லாத நாட்களில் ஓட்டம் காலையில் ஏறும், நள்ளிரவுக்குப் பின் அடங்கும். ஊரே தூங்கும் நேரத்திலும் தெளிவாக ஓடும் நீர் பெரும்பாலும் நிலத்தடி ஊற்று. மழைநாள் ஓட்டத்திலிருந்து இந்த வழக்கமான ஓட்டத்தைக் கழித்தால், மிஞ்சுவது மழை கொண்டுவந்த நீர்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1971 முதல் வளர்த்துவரும் ஸ்வம் என்ற இலவச மென்பொருளில் கணக்குப் போட்டோம். மிஞ்சிய நீர் நேரத்தோடு ஏறி இறங்குவதை வரைந்தால் முக்கோணம்போல இருக்கும்; அதை அது மூன்று முக்கோணங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்கள். பெய்த மழையில் எத்தனை பங்கு உள்ளே போகிறது என்பது ஆர். உச்சத்தைத் தொட ஆகும் நேரம் டி. வடிய அதைப்போல எத்தனை மடங்கு நேரம் என்பது கே. ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மழை என்றால் 10,000 லிட்டர். நூற்றுக்கு 5 பங்குதான் புகுந்தாலும், 40 மி.மீ. மழைக்கு 20,000 லிட்டர்!

சட்டென்று எழுந்து அடங்கும் முதல் முக்கோணம் மொட்டைமாடிக் குழாய், மேன்ஹோல் மூடி ஓட்டை போன்ற நேர்வழிகளைக் காட்டுவது. நாள்கணக்கில் வடியும் மூன்றாவது, ஈரமண்ணிலிருந்து விரிசல்கள் வழியாகக் கசிவது. நடுவில் உள்ளது இரண்டும் கலந்தது. நம் வரைபடத்தில் முதலாவதே ஓங்கி நின்றது. தெருவைத் தோண்டி எல்லாக் குழாயையும் மாற்றியிருந்தாலும் மேன்ஹோல் பொங்கத்தான் செய்திருக்கும்.

அப்புறம் புகைச் சோதனை. மேன்ஹோலில் ஊதிய புகை, சில நிமிடங்களில் ஒரு வீட்டின் மாடிக் குழாய் வாயிலிருந்து வெள்ளையாகச் சுருண்டு வந்தது. வீட்டுக்காரர் மாடியேறிப் பார்த்துத் திகைத்துப்போனார். கட்டும்போது அப்படி இணைத்தது அவருக்கே தெரியாது. இதுபோன்ற வீடுகளின் பெயர்களை நாங்கள் வெளியிடப்போவதில்லை. எல்லோரும் முழுமனதோடு ஒத்துழைத்தார்கள்.

மாடிக் குழாய்களை மழைநீர் வடிகாலுக்குத் திருப்பினோம். ஓட்டை மூடிகளை மாற்றி, பள்ளத்தில் இருந்த மேன்ஹோல்களின் விளிம்பை உயர்த்தினோம். குழாய்க்குள் விட்ட கேமரா காட்டிய விரிசல்களுக்கு உள்ளுறை போட்டாயிற்று.

பணிக்குப் பிறகு பெய்த மழைகளில் முதல் முக்கோணம் நன்றாகச் சிறுத்துவிட்டது, கீழ்த்தெரு பொங்கவில்லை. ஆனால் அந்த மழைகள் காய்ந்த மண்ணில் பெய்தவை. மண் ஊறிய பிறகு ஆர் கூடும். மூன்றாவது முக்கோணமும் அவ்வளவாகக் குறையவில்லை. வீட்டு இணைப்புக் குழாய்களை நாங்கள் இன்னும் சோதிக்கவில்லை. அதனால் அடுத்த மழைக்காலம் முடியும்வரை மானிகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.