மாதம் பத்துப் புத்தகம் எதற்கு?

அன்பு நண்பா,

இங்கே எல்லாரும் நலம். மூத்தவள் படிப்பை முடித்துவிட்டாள். எனக்குக் கண்ணாடி பவர் ஏறியிருக்கிறது; நாளெல்லாம் புரூஃப் பார்த்தால் வேறென்ன ஆகும்? மற்றபடி என் சிறிய பதிப்பகம் ஓடிக்கொண்டிருக்கிறது.

நீ வேலையை விட்டதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் ஏஐயை வைத்து மாதம் பத்துப் புத்தகம் போடப் போகிறேன் என்கிறாயே, அங்கேதான் உதைக்கிறது. இந்த யோசனை உனக்கு மட்டும் வந்ததல்ல. 2023 செப்டம்பரில், எழுதுபவரே நேரடியாகப் புத்தகம் வெளியிடும் அமேசானின் தளமான கேடிபி, ஒருவர் ஒரு நாளில் மூன்று புதிய புத்தகங்களுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று வரம்பு வைத்தது. நாளுக்கு மூன்று என்பதே கட்டுப்பாடு என்றால், அதற்கு முன் என்ன கூத்து நடந்திருக்கும் என்று பார்த்துக்கொள்! எழுத்து, படம், மொழிபெயர்ப்பு எதை ஏஐ உருவாக்கியிருந்தாலும் ஏற்றும்போது அவர்களிடம் சொல்லியாக வேண்டும் என்ற விதியும் அதே மாதம் வந்ததுதான். நீயே எழுதி, அதைத் திருத்த மட்டும் ஏஐயைப் பயன்படுத்தினால் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் பதிப்புரிமை. 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் ஒரு படக்கதைப் புத்தகத்தைப் பற்றி முடிவு சொன்னது: ஆசிரியர் எழுதிய வசனங்களுக்கும் அவர் செய்த தொகுப்புக்கும் உரிமை உண்டு, மிட்ஜர்னி என்ற ஏஐ வரைந்த படங்களுக்குக் கிடையாது. முழுக்க இயந்திரம் எழுதிய புத்தகத்தை நாளைக்கு ஒருவன் அப்படியே எடுத்துத் தன் பெயரில் விற்றால், நீ எந்த உரிமையைக் காட்டித் தடுப்பாய்? தொழில் என்று ஒன்று நிலைக்க வேண்டுமானால் அதில் உனக்கென்று ஏதாவது சொந்தமாக இருக்க வேண்டுமே.

உன்னிடம் அது இருக்கிறது. இத்தனை வருடம் ஏர் கம்ப்ரசர்களோடு குடித்தனம் நடத்தியவன் நீ. வாசலில் நின்றபடியே, "பேரிங் போகப் போகிறது, இந்த வாரமே மாற்றிவிடுங்கள்" என்று சொல்வாய். எந்தச் சத்தத்தை வைத்துச் சொன்னாய், அதை எப்படிப் பிரித்தாய், டேங்கில் தேங்கும் தண்ணீரைத் தினமும் வடிக்காமல் விட்டால் என்னென்ன கெடும், புதிதாக வரும் பையன் முதலில் எதைத் தொடக்கூடாது, இதையெல்லாம் எழுது. ஏஐயிடம் கேட்டால் "முறையான பராமரிப்பு அவசியம்" என்பதையே விதவிதமாகச் சொல்லும். தப்பில்லை, ஆனால் அதற்கு யார் காசு கொடுப்பார்கள்?

ஏஐ வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, நானே தினமும் பயன்படுத்துகிறேன். வாசகர்களிடமிருந்து வரும் மின்னஞ்சல்களைக் கொடுத்து, ஒரே சந்தேகத்தை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று பிரிக்கச் சொல்வேன். எங்கள் கணக்குப் பதிவுப் புத்தகம் ஒன்றில் தேய்மானம் பற்றிய அத்தியாயத்திலேயே எல்லாரும் இடறுகிறார்கள் என்று அப்படித்தான் தெரிந்தது. அடுத்த பதிப்பில் அந்த அத்தியாயத்தை ஆசிரியர் முழுதாக மாற்றி எழுதினார். இன்றும் எங்களுக்குச் சோறு போடுவது அந்தப் புத்தகம்தான். பின்னட்டை வாசகத்துக்கும் ஐந்தாறு மாதிரி கேட்பேன். சொல்லடைவு தயாரிக்கச் சொன்னால் மட்டும் கவனமாக இரு. புத்தகத்தில் இல்லாத பக்க எண்ணைக்கூட அசராமல் எழுதிக் கொடுக்கும். ஒவ்வொன்றையும் புரட்டிச் சரிபார்த்தே தீர வேண்டும்.

விலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். கேடிபியில் மின்னூலை 1.99 டாலருக்கு வைத்தால் ராயல்டி 35 சதவீதம், கைக்கு வருவது 70 சென்ட். 2.99 முதல் 9.99 வரை வைத்தால் 70 சதவீதம் கிடைக்கும். அதாவது ஒரு டாலர் கூட்டினால் வரவு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆனால் 70 சதவீதக் கணக்கில் கோப்பின் அளவைப் பொறுத்து ஒரு அனுப்பும் கட்டணத்தைக் கழிப்பார்கள். அமெரிக்கத் தளத்தில் ஒரு எம்பிக்கு 15 சென்ட். உன் புத்தகத்தில் போட்டோ நிறைய வரும், சுருக்கித்தான் போட வேண்டும். அச்சுப் புத்தகமும் போட்டால், புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னைச் சொந்தமாகவே வாங்கு. அவர்கள் இலவசமாகத் தரும் எண்ணை வேறெங்கும் பயன்படுத்த முடியாது. கேடிபி செலக்ட் என்ற அவர்களுடைய திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள் அந்த மின்னூலை வேறெங்கும் விற்கக்கூடாது, நீ நிறுத்தாவிட்டால் அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். முதல் புத்தகத்துக்குச் சேர்ந்து பார்ப்பதில் தவறில்லை, தேதியை மட்டும் குறித்து வை.

முதல் நாளிலிருந்தே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வாங்கியவர் யாரென்று தளம் உனக்குச் சொல்லாது. அதனால் கடைசிப் பக்கத்தில் உன் மின்னஞ்சலைப் போட்டு, "உங்கள் கம்ப்ரசரில் புரியாத சத்தம் வந்தால் பதிவு செய்து அனுப்புங்கள்" என்று எழுது. அனுப்புபவர்களின் முகவரியை அவர்கள் சம்மதத்தோடு சேர்த்து வை. தளம் நாளைக்கு விதியை மாற்றினாலும் அந்தப் பட்டியல் உன்னோடு இருக்கும். அடுத்து என்ன எழுதுவது என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இப்போதைக்குப் பத்தையும் மறந்துவிட்டு ஒன்றுக்கு மட்டும் அத்தியாயப் பட்டியல் போட்டு அனுப்பு. கையால் எழுதியதைப் போட்டோ எடுத்து அனுப்பினாலும் போதும். உன் கையெழுத்தை எந்த ஏஐயாலும் படிக்க முடியாது, நான் படித்துக்கொள்வேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்